ஸ்டௌடிங்கர் படமும் நம் அறிவியல் அறையில் வேண்டும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

நம் பள்ளி அறிவியல் அறைகளில் நியூட்டன் இருக்கிறார், எடிசன் இருக்கிறார். இருக்கட்டும். பால்மரத்தை நம்பி வாழ்ந்த ஊரில், ரப்பர் என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொன்ன ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்ற வேதியியலாளருக்கும் ஓர் இடம் கேட்டுத்தான் இந்த மடல்.

1881-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பிறந்தவர். ரப்பர் போன்றவை ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று 1920-இல் எழுதினார். அன்றைய பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. ரப்பர் சின்னச் சின்ன வளைய மூலக்கூறுகளின் கூட்டம், அவற்றின் இரட்டைப் பிணைப்புகள்தாம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன என்பது அவர்கள் கட்சி. சரி, அந்த இரட்டைப் பிணைப்பையே இல்லாமல் செய்துவிட்டால்? கூட்டம் கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள்தானே மிஞ்ச வேண்டும்? சூரிச்சில் தம் மாணவர் ஃபிரிட்சியுடன் சேர்ந்து அந்த இரட்டைப் பிணைப்புகள் போகும்படி ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் கலையவில்லை. காய்ச்சி வடிக்க முடியாமல், கரைத்தால் முன்போலவே கூழ்மக் கரைசலாகத்தான், அதாவது பெரிய துகள்கள் மிதக்கும் கரைசலாகத்தான், நின்றது. ஆக, மூலக்கூறே பெரியது. 1922-இல் வந்த அந்தக் கட்டுரையில்தான் ‘பெருமூலக்கூறு’ என்ற பெயரையே அவர் வைத்தார். வாதத்தை விட, எதிராளியின் கணிப்பையே எடுத்துச் சோதித்துப் பார்த்த அந்த முறைதான் நம் பிள்ளைகளுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தைக் கைவிடும்படி வீலாண்ட் போன்ற நோபல் அறிஞரே அவருக்கு அறிவுரை சொன்னார். அவர் விடவில்லை. 1926-இல் ஃபிரைபர்க் போனார்; உயிரியல் படித்த மனைவி மாக்டாவும் ஆய்வில் தோள்கொடுத்தார். நோபல் பரிசு கைக்கு வந்தது 1953-இல், 72 வயதில். நைலான் செய்த கேரதர்ஸ் முதல் இன்றைய கையுறை ஆலைகளின் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வரை எல்லாம் அவர் போட்ட பாதையில் வந்தவை. நம் பெற்றோரில் எத்தனை பேர் அந்தக் கையுறை ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறார்கள்!

அப்புறம், இதில் நம் உழைப்பும் கலந்திருக்கிறது. 1938-இல் இங்கிலாந்தில் ஒரு ரப்பர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். மலாயா உள்ளிட்ட நாடுகளின் ரப்பர் மீது விதித்த தீர்வைப் பணத்தில்தான் அது நடந்தது. ரப்பர் ஏன் இழுபடுகிறது, எப்படிக் கிழிகிறது என்பதை ட்ரெலோர், ரிவ்லின் போன்றோர் கணக்காக்கியது அங்கேதான். பின்னாளில் மலேசியப் பெயர் தாங்கிய அதே நிலையம் உருவாக்கிய ரப்பர்த் தாங்கிகள்தாம், 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை நிலநடுக்கத்திலிருந்து காக்க அதன் அடியில் வைக்கப்பட்டன. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மங்கு மங்காக, கோப்பை கோப்பையாகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த நம் பாட்டிமார் அந்த ஆய்வுக்கும் படியளந்திருக்கிறார்கள். இதை எந்தப் பாடநூலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

அறிவியல் வாரத்தில் ஒரு நாளை ரப்பருக்குக் கொடுங்கள். செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் சூடு தெரியும். இழுத்தபடியே சற்று வைத்திருந்து, தளர்த்திவிட்டு வைத்தால் குளிரும். கண்பார்வையில்லாத ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் 1805-இலேயே இதைக் கவனித்து எழுதினார். சுருண்டு கிடக்கும் சங்கிலிகள் இழுக்கும்போது ஒழுங்காக நீள்கின்றன, விட்டால் மறுபடி சுருள்கின்றன என்பது தெரிந்த பிறகுதான் அந்தச் சூட்டின் காரணம் விளங்கியது. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது புரியும்.

அதே நாளில், பால் வெட்டிய பெரியவர்களையும் வகுப்புக்கு அழையுங்கள். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், ஆசிட் ஊற்றினால் பால் எப்படிக் கட்டியாகும், மழை நாளில் ஏன் வெட்டக் கூடாது என்று அவர்கள் கையால் அறிந்தது நிறைய. ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாகங்சாருக்கும் கூட்டிப் போகலாம். 1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று, மரமாகி இன்னும் அங்கே நிற்கிறது.

படத்தைச் சட்டம் போட்டுத் தரும் செலவு என்னுடையது. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, நாளைக் குறித்துச் சொல்லுங்கள். மங்கும் வெட்டுக் கத்தியும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
தோட்டத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர்