கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே.

இங்கே எங்கள் பகுதி சுகாதார மையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டும் வேலை நடக்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். இங்கே அமெரிக்காவில் இப்படிப்பட்ட சுகாதார மைய ஏற்பாடு 1965-இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் தொடங்கியது. காப்பீடு இல்லாதவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். குழுவில் பாதிக்கு மேல் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. வரைபடம் வந்த அன்று எல்லோரும் முகப்பு அழகைப் பேசிக்கொண்டிருக்க, அப்படி நோயாளியாக இருந்து குழுவுக்கு வந்த ஒரு பாட்டி, “பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம்?” என்றார். வாசலின் இடமே மாறிவிட்டது!

பணம்தான் பெரிய பாடு. மத்திய அரசின் வருடாந்திர மானியம் மையத்தை நடத்த மட்டும். அதை எடுத்துக் கட்டடம் கட்ட முடியாது. 2010 சுகாதாரச் சட்டத்தில் கட்டுமானத்துக்கென்றே 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அப்படி எப்போதும் வராது. அதனால் நன்கொடை, வங்கிக் கடன், வரிச்சலுகை என்று பல இடத்துப் பணத்தைச் சேர்க்கிறோம். நீ கேட்ட வரிச்சலுகை இதுதான்: ஏழ்மையான பகுதிக்கான திட்டத்தில் வங்கி முதலீடு செய்தால், அந்தத் தொகையில் 39 சதவீதம் ஏழு வருடங்களில் அதன் வரியில் கழியும். முதல் மூன்று வருடம் ஐந்தைந்து சதவீதம், அடுத்த நான்கு வருடம் ஆறாறு. மையத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். ஏழு வருடம் முடிந்ததும் அதில் ஒரு பகுதி பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். ஆனால் வக்கீல், கணக்காளர் செலவு அதிகம். சின்னக் கட்டடத்துக்குக் கட்டுப்படியாகாது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு டாக்டருக்கு இரண்டு, மூன்று பரிசோதனை அறை வேண்டும் என்பது வழக்கக் கணக்கு. அறைகளைக் கட்டிவிட்டு டாக்டர் கிடைக்காவிட்டால் அறை பூட்டிக் கிடக்கும், தவணை மட்டும் தவறாமல் வரும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு ஒரு வருகைக்கு இவ்வளவு என்றுதான் தருகிறது. நோயாளியைப் பார்க்க ஆள் இல்லையென்றால் வருமானமும் இல்லை. ஆகவே எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் என்று முடிவான பிறகுதான் சதுர அடியைப் பேச வேண்டும் என்கிறேன். இப்போது ஒரு தளம் போதும், இரண்டாவது தளத்தைத் தாங்கும் அஸ்திவாரம் மட்டும் போட்டுவைப்போம் என்பது என் வாதம். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மாடி மாடியாக வளர்ந்ததை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

இன்னொன்று, பராமரிப்பு நிதி. சுவரில் பெயர் பொறிக்க நன்கொடையாளர் வருவார்கள். பதினைந்து வருடம் கழித்து ஏசி மாற்ற யாரும் வரமாட்டார்கள். வருடா வருடம் ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறேன்.

நீ இத்தனை வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள். ஐந்து வருட வரவு-செலவுக் கணிப்பை இதோடு வைத்திருக்கிறேன். நாங்கள் கடன் கேட்டு உன் மேஜைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு, தயவு தாட்சண்யம் பார்க்காமல் கேள்வி எழுதி அனுப்பு. அடுத்த கூட்டத்துக்கு முன் வந்தால் நல்லது.

அன்புடன்,
கோமதி