முயல் யார்?

பாப்பாவுக்கு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். பருப்புப்பொடி அம்மா இடித்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

"மாப்பிள்ளை வேட்டை மும்முரம்" என்று நான் சொன்னதற்கு, "இதில் முயல் யாருப்பா, அவனா நானா?" என்று கேட்டு போனை வைத்தாய். பதினெட்டு நாளாகிறது.

சும்மா வாயில் வந்த வார்த்தை. பேப்பரைப் பிரித்தால் வாக்கு வேட்டை, வசூல் வேட்டை, பதக்க வேட்டை. தை மாதம் பெருமாளே பரிவேட்டைக்குப் போய்வருகிறார். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் ஒரு வார்த்தைக்காக மகளிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்.

ஆனால் நீ கேட்டது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. மாசியில் ஊர் கூடிப் போகும் பாரிவேட்டைக்குத் தாத்தாவோடு போனவன் நான். முயலை எடுத்த எடுப்பிலேயே அடிப்பதில்லை. சுற்றி நின்று சத்தம் போடுவார்கள், அதுவே வலைப் பக்கம் ஓடும். சித்தப்பா கேஸில் மாட்டியபோது 1972 வன உயிரினச் சட்டத்தை வக்கீல் படித்துக் காட்டினார். கொல்வது மட்டுமல்ல, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, பறவைக் கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதானாம். அத்தை, தரகர், நான்... சரி, விடு.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தனியாக ஆட்டோவில் வராதே.

'வேட்ட பொழுதின்' என்று 1105ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே வேட்ட என்றால் விரும்பிய. வேட்டல் என்றால் விருப்பம், கல்யாணமும்கூட. காமத்துப்பாலை நான் வகுப்பில் நடத்தியதே இல்லை. வீட்டில் மட்டும் நடத்தினேனா?

நீ எம்.எஸ்ஸி. முடித்த வருஷம் வீட்டு போனில் ஒரு பையன் உன்னைக் கேட்டான். மரியாதையாகத்தான் பேசினான். நீ இல்லை என்றேன். நீ மாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாய். மறுநாளும் கூப்பிட்டான். அன்றைக்கு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. அப்புறம் அவன் கூப்பிடவில்லை. நீ பத்து நாள் போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிவந்தாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் இது தெரியாது. அவன் பெயர் எனக்கு மறக்கவில்லை. கேட்டால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த ஈரோட்டுக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை என்னோடு பேசுவதில்லை.

பொடி டப்பா மூடி லூசாக இருக்கிறது, பார்த்துத் திற.

அப்பா