மொரப்பூர் சின்ன ரயிலுக்கு ஒரு கல் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரே நாளில் தர்மபுரியைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஒகேனக்கல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், திரும்பும் வழியில் அதியமான்கோட்டை காலபைரவர். காரில் வருகிறவர்களுக்கு அது போதும். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

சென்னை, கோவை வண்டிகள் ஒன்றிரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற ஊர்தான் எங்கள் மொரப்பூர். ஆனால் ஒரு காலத்தில் இது ஜங்ஷன். 1906-ல் இங்கிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். பஞ்சம் அடிக்கடி வந்துபோன சீமை என்பதால் போட்ட பாதை. 1913-ல் அதைப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் 1905-லேயே இதே அகலத்தில் ஒரு வண்டி ஓடியது. இன்றைக்கு ரயிலே இல்லாத மாவட்டத் தலைநகர் என்று கிருஷ்ணகிரிக்காரர்கள் மூக்கால் அழுகிறார்களே, அவர்கள் ஊருக்கு ரயில் வந்து போனதுதான்! இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரண்டு பாதைகளையும் மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் தாத்தா அந்தச் சின்ன ரயிலில் போனவர். மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குமாம். இறங்கி ஒண்ணுக்குப் போய்விட்டு, நாலு எட்டு ஓடி மறுபடி ஏறிக்கொள்வார்களாம். எல்லா ஊர்ச் சின்ன ரயிலுக்கும் சொல்கிற கதைதான் இது. நீங்கள் நம்ப வேண்டாம், நான் நம்புகிறேன்.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு பழைய பாதையைத் தேடி நடந்தேன். பாதி தூரம் வீடும் கொல்லையுமாகிவிட்டது. ஒரு புளியந்தோப்புக்குப் பின்னால் மட்டும் ஓடையின் குறுக்கே சின்னக் கல் பாலம் ஒன்று நிற்கிறது. ஆள் குனிந்துதான் அடியில் நுழைய முடியும். கருங்கல்லில் உளி பட்ட வரிகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. இடுக்கில் இருக்கும் சுண்ணாம்புக் காரையைப் பேரன் சாவியால் சுரண்டிப் பார்த்தான், பெயரவில்லை. பாலத்தின் மேல் சோளத்தட்டு காயப் போட்டிருந்த அம்மாவிடம் இது என்ன என்று கேட்டேன். "டிரெயின் ரோட்டுப் பாலமுங்க" என்றார். டிரெயின் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அம்மா அதைப் பார்த்திருக்கவே முடியாது.

அதே கையோடு தர்மபுரிக்குப் போய், கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதி அடித்தளத்தைச் சுற்றிச் செதுக்கியிருக்கும் ராமாயணக் காட்சிகளைக் காட்டினேன். பேரனுக்கு அதைவிட அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள்தான் பிடித்தன. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டு வைத்த தகடூர் நாடு இது. முப்பத்தைந்து வருஷம் ஓடிய ரயிலுக்கு ஒரு கல் இல்லை.

இப்போது மொரப்பூர்–தர்மபுரிக்கு 36 கிலோமீட்டரில் புதுப் பாதை வரப்போகிறது. 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். தலைமுறையாகக் கேட்டது, சீக்கிரம் வரட்டும். ஜேசிபி இறங்குவதற்கு முன்னால் மிச்சமிருக்கும் கல் பாலங்களை எண்ணிப் படம் எடுத்து வைக்க வேண்டும். மொரப்பூர் நிலையத்திலும் தர்மபுரி நிலையத்திலும் 1906 என்று போட்டு ஆளுக்கொரு கல் நட வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. இதில் ஒரு சிக்கல், மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது, தர்மபுரி தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். ஒரே பாதையின் இரண்டு முனைக்கு இரண்டு இடத்தில் மனு எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உங்கள் வாசகர் யார் வீட்டிலாவது அந்தச் சின்ன ரயிலின் புகைப்படம் இருந்தால் வாங்கிப் போடுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மொரப்பூர், தர்மபுரி மாவட்டம்.