பேஸ்மென்டில் யார் படுப்பது?

மேட்டுப்பாளையம்
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மீனாவும் யாழினிக் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பாய். குடும்பக் குரூப்பில் போட்டால் உன் பெரியப்பா அதற்கும் ஒரு ரோஜாப் பூ போடுவார். தனியாக அனுப்பினால் அம்மா என் போனை எடுத்துப் படிப்பாள். அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய கணப்பு மேனுவலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். 64 பக்கம். கடைப் பையன் "என்ன சார் இது, ராக்கெட்டா?" என்று கேட்டான். "என் பையன் கனடாவில் வீட்டுக்குக் கேஸ் கணப்பு வைக்கிறான், என்னைக் கேட்காமல் வைக்க மாட்டான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். 38 வருஷம் டீ ஃபேக்டரியில் டீமேக்கராக நெருப்போடு குடித்தனம் நடத்தியவனிடம் பிள்ளை நெருப்பைப் பற்றிக் கேட்கிறான் என்றால் சும்மாவா. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனுக்கு அடியில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கணப்பைப் பற்றி ஒரு வாரமாகப் படிக்கிறேன். அம்மா சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. நீ அனுப்பிய மூன்று போட்டோவும் பேஸ்மென்டில் எடுத்தவை. அங்கே உட்கார்ந்து டிவி மட்டும் பார்ப்பீர்களா, இல்லை, யாராவது படுப்பீர்களா? படுக்கிற அறை என்றால் விதி வேறு. வீட்டுக் காற்றை எடுத்து எரிகிற வகையை அங்கே வைக்கக் கூடாது. டைரக்ட் வென்ட் ஒன்றுதான் ஆகும். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் வைக்கிற இடமும் படுக்கிற இடத்தைப் பொறுத்ததுதான். அதற்காகத்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

டைரக்ட் வென்ட் என்றதும் எனக்கு நம் ஃபேக்டரி ஹீட்டர்தான் ஞாபகம் வந்தது. விறகுப் புகை குழாய்க்கு உள்ளே போகும், டீயை உலர்த்துகிற காற்று குழாய்க்கு வெளியே போகும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. குழாயில் தலைமுடி அளவு விரிசல் விழுந்தால் போதும், டீயில் புகை வாடை ஏறிவிடும். குன்னூர் ஏலத்தில் டேஸ்டர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, அந்த லாட்டைத் தள்ளி வைப்பார். அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். உன் கணப்பிலும் அதே கதைதான். 4 அங்குலக் குழாய் வழியாகப் புகை வெளியே போகிறது. அதைச் சுற்றி 6⅝ அங்குலத்தில் இன்னொரு குழாய், அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. முன்னால் கண்ணாடி இறுக்கமாக மூடியிருக்கும். எரிகிறதும் வீட்டுக்காற்றும் தனித்தனி. நல்ல யோசனை, யார் கண்டுபிடித்தானோ. மற்ற வகை, கூரை வழியாகப் புகை போவது, வீட்டுக் காற்றையே எடுத்து எரியும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பலமாக இழுத்தால் புகைப்போக்கியில் போகிற புகை திரும்பி வீட்டுக்குள் வரலாம். மீனா கடுகு தாளிக்கும்போதெல்லாம் அந்த ஃபேனைப் போடுவாள். வேண்டாம்.

போன வாரம் நீ ஒரு பழைய கணப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றாய். 2011-ல் செய்தது என்று அந்த மேனுவலிலேயே போட்டிருக்கிறது. வாங்காதே. எரியும்போது முன்கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டும், தோசைக்கல் மாதிரி. 2015-லிருந்து செய்கிற கணப்புகளுக்கு முன்னால் வலைத் தடுப்பு சேர்த்தே தர வேண்டும் என்று விதி. பழசில் அது இருக்காது. யாழினிக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது, பளபளவென்று இருந்தால் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்வாள். அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். குழாயும் அப்படித்தான். ஒரு கம்பெனி கணப்புக்கு இன்னொரு கம்பெனி குழாயை மாட்டக் கூடாது, மேனுவலில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதுதான். காசு முடை என்றால் சொல். என்னிடம் இருக்கிறது. பச்சை ட்ரங்குப் பெட்டி காசு இல்லை, பயப்படாதே.

நீயும் அந்த நண்பனும் சனி ஞாயிறில் நீங்களே மாட்டிவிடலாம் என்றாயே, அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. போனில் காட்டவில்லை. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் வேலையை, டி.எஸ்.எஸ்.ஏ. என்கிற பாதுகாப்பு அமைப்பில் பதிவு செய்த ஒப்பந்ததாரர்தான் செய்யலாம். சான்றிதழ் வைத்திருக்கிற ஆள் வந்து குழாய் அளவு, அழுத்தம், கசிவு எல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஊர் நகராட்சியில் பெர்மிட் வேண்டுமா என்றும் கேள். உன் நண்பன் கெட்டிக்காரனாக இருக்கலாம். பெரியநாயக்கன்பாளையத்தில் உன் மாமாவும் கெட்டிக்காரர்தான். முடிவு என்ன ஆயிற்று? நீ சட்டகம் அடி, சிமென்ட் பலகை போடு, பெயின்ட் அடி. மேலே எத்தனை அங்குலம் தள்ளி மரப்பலகை வரலாம் என்று வாங்குகிற கணப்பின் மேனுவலில் அட்டவணை இருக்கும், அதன்படி செய். கேஸில் கை வைக்காதே. மறுபடியும் சொல்கிறேன், கேஸில் கை வைக்காதே.

அப்புறம் புகைக் குழாயின் வெளிமூடி. பேஸ்மென்ட் என்பதால் குழாய் தரைக்குப் பக்கத்தில் வெளியே வரும். ஜன்னலிலிருந்தும் தரையிலிருந்தும் குறைந்தது 12 அங்குலம், வீட்டுக்குள் காற்றை இழுக்கிற இயந்திரத் துவாரம் இருந்தால் அதிலிருந்து 6 அடி. மேனுவல் அதற்கு மேல் கேட்டால் மேனுவல் சொல்வதே. ஆனால் 12 அங்குலம் பனிக்கு ஒரு ராத்திரி வேலை. போன தையில் கதவைத் திறக்க முடியவில்லை என்று நீ அனுப்பிய வீடியோவில் பனி உன் இடுப்புக்கு நின்றது. குழாயைச் சுவரோரமாகவே மேலே தூக்கிவிடுகிற ஸ்நார்க்கல் மூடி ஒன்று இருக்கிறதாம், அதைக் கேள். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் காரைத் தோண்டுவதற்கு முன்னால் அந்த மூடியைத் தோண்டு.

இது வயசானவன் பயம் என்று நினைக்காதே. நீ இருக்கிற கிச்சனர் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வுட்ஸ்டாக் என்று ஊர் இருக்கிறதே, அங்கே 2008 டிசம்பரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு குடும்பமே போயிற்று. அந்த அம்மா போலீஸ் அதிகாரி. கேஸ் கணப்பின் புகை வழி அடைத்துக்கொண்டு விஷவாயு வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது. வீட்டில் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரை வைத்துத்தான் 2013-ல் அங்கே அலாரம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், ஹாக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம். கசிகிற கேஸ் நாற்றம் அடிக்கும், அதற்கென்றே வாடை சேர்க்கிறார்கள். இந்த விஷவாயுவுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கமாக வரும். காய்ச்சல் வருகிறது என்று நினைத்துக்கொண்டு போர்த்திப் படுப்பார்கள். வீட்டின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு அலாரம், படுக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு அலாரம். பேஸ்மென்டில் படுக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. யார் என்று எழுதினால் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன்.

இரண்டாவது போட்டோவில் சோபா மேல் மடித்து வைத்த கம்பளி ஒன்று தெரிந்தது, நீ ஊருக்கு வந்தபோது அம்மா கொடுத்தாளே அந்த நீலக் கரை போட்டது. தலையணையும் இருந்தது. பக்கத்தில் உன் கண்ணாடி. அம்மா பார்க்கவில்லை, நான் அந்தப் போட்டோவை அவளுக்குக் காட்டவில்லை. ஐந்து ஞாயிறாக மீனா வீடியோவில் வரவில்லை. கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள் என்கிறாய். இருக்கலாம். அது உங்கள் விஷயம்.

கேஸ் கணப்பு மஞ்சளாக எரிகிறதே, அது சரியா என்று கேட்டாய். அடுப்பென்றால் நீலமாக எரிய வேண்டும் என்று சின்னதில் நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதில் அழகுக்காக மஞ்சளாக எரிய வைக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் கண்ணாடியில் கரி படிந்தால் தப்பு. உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு. முதல் தடவை எரிக்கும்போது பெயின்ட் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வை, குழந்தையை மாடிக்கு அனுப்பு.

கரன்ட் போனாலும் எரியுமா என்று கடையில் கேட்டு வாங்கு. நீ அங்கே போவதற்கு முன்னால், 2013 டிசம்பரில், உங்கள் பக்கத்தில் பனி மழை கொட்டி டொராண்டோவில் மட்டும் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்றாம். குளிர் தாங்காமல் சில பேர் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து பற்ற வைத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன சனிக்கிழமை அம்மாவோடு சந்தைக்குப் போனேன். நெத்திலிக் கருவாட்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டாள். எடுத்துக்கொள்ளேன் என்றேன். "நான் வைத்தால் ஆகாதுங்க" என்றாள்.

உனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. 1993 மார்கழி, கோத்தகிரி குவார்ட்டர்ஸ். அந்தக் கூடத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கும், அதற்குள் நீ பம்பரம் ஒளித்து வைப்பாய். மழைக்காலத்தில் மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது, குருவி கூடு கட்டுகிறது என்று நான்தான் புகைப்போக்கிக்குள் சாக்கைத் திணித்துப் பலகை வைத்து ஆணி அடித்தேன். மார்கழியில் உனக்கும் அக்காவுக்கும் சளி. ஃபேக்டரியிலிருந்து கரித் தணல் ஒரு சட்டி கொண்டுவந்து அந்தக் கணப்புக்குள் வைத்தேன். கரியில் புகை வராது, அடைத்திருந்தால் என்ன என்று நினைத்தேன். ஜன்னல் சந்தில் துணி வேறு சொருகினேன். டீயில் இருக்கிற புகையை ஒரு உறிஞ்சலில் கண்டுபிடிக்கிறவன்.

விடிகாலை நாலு மணிக்கு ட்ரையரில் ஏதோ கோளாறு என்று ஃபேக்டரி ஹீட்டருக்கு விறகு போடுகிற ஃபயர்மேன் பெள்ளி வந்து கதவைத் தட்டினான். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஊர்ந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தாள். அக்கா முனகினாள். நீ எழவே இல்லை, செந்தில். பெள்ளிதான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே பனியில் ஓடினான். அவன் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், இந்த லெட்டரும் இல்லை, வாங்குகிற நீயும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். கருவாட்டுக் குழம்பு என்றேன். அதுவும் உண்மைதானே. அவர்கள் அதையே எழுதிக்கொண்டார்கள், நான் தணல் சட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் உங்கள் மூன்று பேரையும் அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பலகையைப் பிடுங்கினேன், சாம்பலை டீத்தோட்டத்தில் கொட்டினேன். பெள்ளியிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

32 வருஷமாக அவள் தன் கைதான் பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தி வீட்டில் கருவாடு வேண்டும் என்று கேட்டபோது சமையல்காரரை விட்டுத்தான் செய்ய வைத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வருஷம் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை. நாள் ஆக ஆக அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது. ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று உன் அப்பனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எனக்குக் கம்பளியைப் பார்த்ததும் புரிந்த மாதிரி இருந்தது. தப்பாகப் புரிந்திருந்தால் மன்னித்துக்கொள், கண்ணு.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இப்போதுகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கணப்புக்கு இத்தனை பக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். தபால் ஆபீஸ் போய்விட்டு வந்து சொல்லலாம் என்று இருக்கிறேன். நேற்றும் இப்படித்தான் இருந்தேன்.

குழாய் வெளியே வருகிற சுவரை டேப் வைத்து அளந்து அனுப்பு: தரையிலிருந்து எத்தனை அங்குலம், ஜன்னலிலிருந்து எத்தனை அங்குலம். பேஸ்மென்டில் யார் படுப்பது, எத்தனை நாளாக என்பதையும் எழுது. போனில் வேண்டாம். லெட்டராகவே போடு, ஜெராக்ஸ் கடை விலாசத்துக்கு.

மீனாவை நான் விசாரித்ததாகச் சொல். யாழினிக்கு முத்தம்.

இப்படிக்கு,
அப்பா