11 வருட வழக்கு முடிந்தது, சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்

சொந்தங்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

தாத்தாவின் நஞ்சை, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் 6 மா, அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர். அதற்காக 11 வருடம் நடந்த பாகப்பிரிவினை வழக்கு போன மாதம் லோக் அதாலத்தில், அதாவது பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், சமரசமாக முடிந்தது. வழக்குப் போட்ட அப்பா இன்று இல்லை. அவர் சொல்ல வேண்டிய நன்றியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், ஓய்வுபெற்ற எங்கள் கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கு. 1980-களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது பட்டா பெரியப்பா பேரில் மட்டும் ஏறிவிட்டது. மூத்தவர், ஊரோடு இருந்தவர், அவர் பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்களோ அதைத் திருட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தோம். ஐயாதான் பழைய அடங்கலையும் (சாகுபடிக் கணக்கு) தாத்தாவின் கிரயப் பத்திரத்தையும் திண்ணையில் விரித்து வைத்து, பட்டா வேறு, பாத்தியதை (சொத்துரிமை) வேறு என்று இரண்டு தரப்புக்கும் புரிய வைத்தார். ஒரு காபிக்கு மேல் எதுவும் வாங்கவில்லை.

வக்கீல் அம்மா, "ஜெயிச்சாலும் அவங்க அப்பீல் போவாங்க, பேசி முடிங்க" என்று தன் வருமானத்தைப் பார்க்காமல் சொன்னவர். லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் அத்தை. வழக்கில் இரண்டாம் பிரதிவாதி. தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சொல்லி, 'சும்மா ஒரு விடுதலைப் பத்திரம்' என்று இரண்டு தரப்பும் மாறி மாறி அவர் வாசலில் போய் நின்றோம். நானும் பழத்தட்டோடு போனவன்தான், இப்போது நினைத்தால் கூசுகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே சம உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டி, "மூணு பங்கு போடுங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் எதிர்த்தரப்பில் இருந்த பெரியப்பா மகன் அண்ணன் உயர் நீதிமன்றம் போயிருப்பார். அவருக்குப் போட்டிருந்தால் நான் போயிருப்பேன். ஆளுக்கு 2 மா என்று ஆனதும் சண்டை போட எதுவும் மிச்சமில்லை.

கடைசியாகப் பெரியப்பா மகனுக்கு. 11 வருடமாக வீட்டில்கூட உங்களை 'முதல் பிரதிவாதி' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். நீங்களோ சொந்தக் காசில் போட்ட போர்செட்டை மூன்று பங்குக்கும் பொதுவில் விட்டீர்கள். நன்றி அண்ணா. வெள்ளிக்கிழமை உட்பிரிவு அளக்க சர்வேயர் வருகிறார். கல் நடும்போது நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி