கெடிலம் வாய்க்கால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை வழிகாட்டியுடன் மின்சார சைக்கிளில் சென்று வரும் சுற்றுலாவைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். "ஊரின் நடுவே ஓடும் ஒரு வாய்க்காலைத் தவிர, வெள்ளிக் கடற்கரை வரும்வரை கடலூரில் இறங்கிப் பார்க்க எதுவும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் வாய்க்கால் என்று குறிப்பிட்டிருப்பது கெடிலம் ஆற்றை. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து 68 வயதுவரை இந்த ஆற்றைப் பார்த்தே வாழ்ந்துவிட்ட எனக்கு, அந்த வரியைப் படித்த பிறகு அன்றைய நாளிதழின் மற்றப் பக்கங்களைப் புரட்ட மனம் வரவில்லை.

கட்டுரை முழுவதும் தவறு என்று நான் சொல்லவில்லை. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால் இந்த சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை என்பதையும், மிதிக்கும்போது மோட்டார் கைகொடுப்பதால் மூட்டுவலி உள்ளவர்களும் நெடுந்தூரம் போகலாம் என்பதையும் நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். அது உண்மை என்பதை அனுபவத்தில் அறிவேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியுடன் இதே போன்றதொரு சுற்றுலாவில் கடந்த ஜனவரியில் நானும் போய் வந்தேன். அதனால்தான் இந்த வரி எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

அன்று காலை புதுச்சேரியில், வெள்ளையர் நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலின் ஓரத்தில் எங்களை நிறுத்தி, அந்த வழிகாட்டித் தம்பி இருபது நிமிடம் பேசினார். பேச்சில் குறை சொல்ல இடமில்லை. பிறகு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு அழைத்துச் சென்று, பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்ததைச் சொன்னார். ஆனால் 1918 நவம்பரில் புதுவையைவிட்டு வெளியேறிய பாரதியார், கடலூர் எல்லைக்குள் வந்ததும் கைது செய்யப்பட்டு, எங்கள் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. கடலூரை நோக்கிப் புறப்படும் பயணத்தில், பாரதியின் கதையைக் கடலூருக்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

முள்ளோடையைத் தாண்டி, தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கி, ஆல்பேட்டை வழியாக மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தோம். கெடிலத்தின் மேலுள்ள அண்ணா பாலத்தைக் கடந்து பாடலீசுவரர் கோயிலையும் அப்படியே முதுநகரையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். திரும்பிப் போகும்வரை பேட்டரி தாங்காது என்றும், அந்த இடங்கள் தங்கள் திட்டத்தில் இல்லை என்றும் பதில் வந்தது. மஞ்சக்குப்பத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகத்திற்கு 31 ஆண்டுகள் அந்தப் பாலத்தின் வழியாகச் சாதாரண சைக்கிளில் போய் வந்தவன் நான். மோட்டார் பூட்டிய சைக்கிள் வந்தும் அந்த ஆற்றைக் கடக்க முடியவில்லை என்றால், குறை பேட்டரியில் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஊர் இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

கெடிலத்தின் பெருமையைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது முறையாகாது, தாங்கள் அறியாததல்ல. திருவதிகையில் அப்பர் பெருமான் பாடிய முதல் பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும் கெடிலத்தின் பெயரைச் சொல்லித்தான் முடிகிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் மிதந்து வந்து கரை சேர்ந்த இடம், கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு இன்றும் இங்கே இருக்கிறது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல்லாண்டுகள் வாழ்ந்த திருவந்திபுரத்தில், தேவநாதப் பெருமாள் சந்நிதிக்கு முன்னே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதும் இதே ஆறுதான். ஏழாம் நூற்றாண்டிலேயே தேவாரத்தில் இடம்பெற்ற ஓர் ஆற்றுக்கு, 30 ஆண்டுகளாக நான் சந்தா கட்டிப் படிக்கும் நாளிதழில் பெயர்கூட இல்லாமல் போனதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளைக் கடந்தபோது, "பழைய கட்டடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இளநீர் குடிக்க எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய கோட்டை அது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் அந்தப் பேரத்தில் சேர்த்தி. பக்கத்திலுள்ள குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரும் அப்படி வந்ததுதான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும் இதே இடம். 1758-ல் இதைக் கைப்பற்றி இடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர்களுக்கு, அவர்கள் இடித்துவிட்டுப் போன சுவரின் முன்னால் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றவில்லை. 1783-ல், அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இந்த ஊரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்திற்குக் கையெழுத்தாகியிருந்தும், செய்தி வந்து சேராத காரணத்தால் ஜூன் மாதத்தில் இரு தரப்பிலும் பலர் இந்த மண்ணில் மடிந்தார்கள். நின்று சொல்லத்தக்க செய்தி இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தத் தம்பியை நான் நோகவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். என் வருத்தமெல்லாம் தங்களிடம். 2004-ல் சுனாமி வந்தபோதும், 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தபோதும், 2015-ல் வெள்ளம் சூழ்ந்தபோதும் தங்கள் செய்தியாளர்கள் இங்கே வந்தார்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனால் வெள்ளம் வடிந்ததும் அவர்களும் போய்விடுகிறார்கள். கெடிலம் கரை புரண்டால் ஆறு என்று தலைப்பில் வருகிறது. வற்றிக் கிடந்தால் வாய்க்காலாகிவிடுகிறது. முதுநகரில் பிறந்து, 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாளைப் பற்றியும், பாரதியார் இருந்த சிறையைப் பற்றியும் தங்களுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது சிறியது. சுற்றுலாவின் பாதையை மாற்றச் சொல்லவில்லை. அது அவர்கள் தொழில். ஞாயிறு இணைப்பின் அதே பக்கத்தில், வாய்க்கால் என்று எழுதப்பட்டது கெடிலம் ஆறு என்று ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். என் பேத்தி அந்தக் கட்டுரையைக் கத்தரித்து, உள்ளூர் வரலாற்றுக்காகப் பள்ளியில் வைத்திருக்கும் நோட்டில் ஒட்டியிருக்கிறாள். "தாத்தா, நம்ம ஆத்தைப் போய் வாய்க்கால்னு போட்டிருக்காங்களே, டீச்சர் கேட்டா எதைச் சொல்றது?" என்று கேட்டாள். பத்திரிகையில் திருத்துவார்கள், அதுவரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். கட்டுரைக்குக் கீழே அவள் நான்கு விரல் அளவு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.