நர்ஸுக்குக் கட்டணமில்லை, குளிப்பாட்டும் ஆளுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேரளத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடி வந்து இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். ஆனால் எது இலவசம், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாப் பக்கம் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

2008இல் மாநில அரசு பாலியேட்டிவ் கொள்கை, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புக்கான கொள்கை, கொண்டுவந்த பிறகு பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வருகிறார். என் மாமியாருக்குப் படுக்கைப்புண் ஆழமாகிவிட்ட சமயத்தில், வந்த நர்ஸ் அதைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். பழைய வேட்டியைச் சுருட்டிக் கெண்டைக்கால் அடியில் கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் படுக்க வைப்பது எப்படி என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். மூத்திர டியூப் மாற்றுவதும் அவர்தான். ஒரு பைசா வாங்கியதில்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

ஆனால் நர்ஸ் வந்து போன பிறகும் நாள் முழுக்க வேலை கிடக்கிறதே. குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்ட அரசு தரப்பில் ஆள் கிடையாது. வீட்டுப் பெண்கள் செய்யவேண்டும், இல்லையென்றால் ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் என்று சொல்கிற, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளை எடுக்கவேண்டும். நாங்கள் எடுத்தோம். பதிவுக் கட்டணம், முன்பணம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், எதையும் எழுதித் தரவில்லை. வந்தவர் பாதியில் போய்விட்டார், வேறு ஆளும் அனுப்பவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. அரசின் காருண்யா மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும். கூட இருந்து பார்ப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உண்டு. அது டயப்பருக்கே பற்றாது, மாதாமாதம் வருவதுமில்லை.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கும் என் தங்கை மகளிடம் அங்கே எப்படி என்று கேட்டேன். வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு அங்கும் கட்டணம் இல்லையாம். குளிப்பாட்டுவது போன்ற உதவிக்கு வருமானத்தைப் பார்த்துக் கட்டணம், மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் வரி போக மிஞ்சும் வருமானத்தில் 80 சதவீதம் வரை வாங்குவார்கள், ஆனால் கைச்செலவுக்கு ஒரு தொகையை விட்டுவைக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. கட்ட முடியாமல் கஷ்டப்பட்டால் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அவ்வளவு பணக்கார நாட்டை நம்மோடு ஒப்பிட முடியாது, சரி. ஆனால் இலவசத்துக்கும் ஏஜென்சி கேட்கும் முழு விலைக்கும் நடுவில் அங்கே ஒரு படி இருக்கிறது. இங்கே அந்தப் படியே இல்லை. கையில் காசில்லாத வீட்டில் மருமகளோ மகளோ வேலையை விட்டுவிட்டு உட்காருகிறாள்.

பயிற்சி பெற்ற பெண்களைப் பஞ்சாயத்தே நியமித்து, குடும்ப நிலைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கலாம். நிலையை அறிய மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று ரேஷன் கார்டு ஏற்கெனவே இருக்கிறது. கார்டின் நிறம் எல்லா வீட்டுக்கும் சரியாகப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். மகன் சம்பாத்தியத்தை வைத்து, வசதியுள்ளவர்களுக்கான வெள்ளைக் கார்டு கொடுத்திருப்பார்கள், அந்த மகன் ஒரு ரூபாய் அனுப்பாமல் இருப்பான். அப்படிப்பட்டவர்கள் முறையிடவும் வழி வைக்கவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் மகன் வீட்டிலும் இந்தப் பக்கம் மகள் வீட்டிலும் மாறி மாறி இருக்கும் பெரியவர்களுக்கு எந்த ஊர்த் திட்டம் பொருந்தும் என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். அங்கே தமிழக அரசு 2021 முதல் வீடு தேடி வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நடத்துகிறது.

இதெல்லாம் நாளாகும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எது இலவசம், எதற்குக் காசு, எவ்வளவு, யாரிடம் கேட்பது என்று தமிழில் எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. எழுதினால் பதிலும் தமிழில் வரட்டும். இதை வலியுறுத்தித் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்